கஞ்சியா, டப்பா பவுடரா, டியூபா: சி.பி. குழந்தைக்கு எது, எப்போது?

மூளை முடக்குவாதம், அதாவது சி.பி., உள்ள சின்னப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புதுச்சேரியில் பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் ஆரம்பித்து கடலூர் முதுநகர் வரைக்கும் போகிறேன். எந்த வீடாக இருந்தாலும் "நடப்பானா மேடம்?" என்ற கேள்விக்கு அடுத்தது சாப்பாட்டுக் கேள்விதான். எடை ஏறவே இல்லை, பவுடர் வாங்கலாமா? டாக்டர் டியூப் போடச் சொல்கிறார், போடலாமா? ஆயா, அதாவது பாட்டி, கஞ்சியும் பாலும் போதும் என்கிறார், அது சரியா? கேட்கிற எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் செய்ய வேண்டியது வீட்டுச் சாப்பாட்டையே அடர்த்தியாக்குவது. பவுடர் அதற்குத் துணை, அவ்வளவுதான். விழுங்கும்போது ஆபத்து இருக்கிற பிள்ளைக்கு டியூபைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: பிள்ளையின் உடம்பில் குறைவாக இருப்பது கொழுப்பா, தசையா? வாயில் போவது பத்திரமாக வயிற்றுக்குப் போகிறதா? இந்த இரண்டும் தெரியாமல் எடை மெஷினை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற வீடுகள்தான் அதிகம்.

எடையில் இருந்தே ஆரம்பிக்கலாம். அங்கன்வாடியில் எடை பார்த்துப் பதிவு செய்வது உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையை வைத்துத்தான். அதன்படி 4 வயது முடிந்த ஆண் பிள்ளையின் நடு எடை 16.3 கிலோ, 12.7-க்குக் கீழே போனால் எடை குறைவு. நம் பிள்ளை 12.4 இருந்தால் குறைவு என்று எழுதுவார்கள், கணக்குப்படி அது சரிதான். ஆனால் அந்தப் பிள்ளை உயரத்திலும் சின்னதாக இருக்கலாம். நிற்க முடியாத பிள்ளைக்கு உயரம் எப்படி அளப்பது? படுக்க வைத்தாலும் முட்டி நீளாது, சிலருக்கு முதுகும் வளைந்திருக்கும். இதற்கு முட்டி உயரம் என்று ஒரு வழி உண்டு. முட்டியையும் கணுக்காலையும் செங்கோணமாக மடக்கி வைத்து, குதிகாலின் அடியில் இருந்து முட்டிக்கு மேலே தொடையின் மேல்பக்கம் வரை அளந்து, வந்த சென்டிமீட்டரை 2.69-ஆல் பெருக்கி 24.2 கூட்ட வேண்டும். 1995-இல் ஸ்டீவன்சன் என்ற மருத்துவர் சி.பி. குழந்தைகளையே அளந்து பார்த்துக் கொடுத்த கணக்கு இது, 2 வயதில் இருந்து 12 வயது வரைக்கும் பயன்படும். முட்டி உயரம் 26 செ.மீ. என்றால் பிள்ளையின் உயரம் சுமார் 94 செ.மீ. அந்த வயதின் நடு உயரம் 103. ஆக 94 செ.மீ. உயரத்துக்கு 12.4 கிலோ என்பது கொஞ்சம் ஒல்லிதானே தவிர, பட்டினி உடம்பு இல்லை. ஒரே பிள்ளை, ஒரே எடை, உயரத்தைச் சேர்த்துப் பார்த்ததும் படம் மாறிவிடுகிறது பாருங்கள்.

அதைவிட முக்கியமானது, அந்த 12.4 கிலோவில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்பது. சி.பி. பிள்ளைக்குத் தசை சின்னதாக இருப்பதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. மூளையில் இருந்து வரும் கட்டளை சரியாக வராததால் தசை போதுமான வேலை செய்வதில்லை, வேலை செய்யாத தசை வளர்வதில்லை. அதனால் தொடையும் கெண்டைக்காலும் குச்சியாகத் தெரிகிற பிள்ளைக்கு வயிற்றிலும் முதுகிலும் கொழுப்பு போதுமான அளவு இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நெய்யும் பவுடரும் ஊற்றி ஊற்றிக் கொடுத்தால் எடை ஏறும், காலில் தசை வராது. வருவது கொழுப்பு. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற அம்மாவுக்கு இடுப்பு போகும், நடை பழகுகிற பிள்ளைக்கு அந்தக் கூடுதல் எடையே பாரம். இதற்கு நேர் எதிராக, மேல்கையின் பின்பக்கத்தைக் கிள்ளினால் தோல் மட்டும் வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேமிப்பே கிடையாது, ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் எழுந்திருக்க மாட்டார்கள்.

அப்போ எதை வைத்து அளப்பது? அங்கன்வாடியில் மேல்கையைச் சுற்றி அளக்கிற நாடா இருக்கிறது. 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு, 12.5 வரைக்கும் மிதமானது. காசு கிடையாது, வீட்டிலேயே அளக்கலாம், நல்ல எச்சரிக்கை மணி. ஆனால் அது கொழுப்பையும் தசையையும் சேர்த்தே அளக்கிறது, பிரித்துச் சொல்லாது. பிரித்துச் சொல்வது கேலிப்பர். மேல்கையின் பின்பக்கம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தோலை மடித்துப் பிடித்து அளக்கும் கருவி. ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எடையையும் உயரத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், இந்த மடிப்பையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது. அந்த வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் மடிப்பு அளவில் கடைசிப் பத்து பேருக்குள் வருகிற பிள்ளைக்குக் கவனம் வேண்டும். கேலிப்பரில் ஒரு சிரமம், அளக்கிற கைக்குத் தகுந்த மாதிரி அளவு மாறும். ஒரே ஆள், ஒரே பக்கத்துக் கையில், இரண்டு மூன்று தடவை அளக்க வேண்டும், பிள்ளை அழுது திமிறும்போது அளந்தால் அது கணக்கில் வராது.

ஜிம்மில் இருக்கிற மாதிரி ஏறி நின்றால் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று காட்டுகிற மெஷினை ஒருவர் வாங்கியே வைத்திருந்தார். சின்னப் பிள்ளைக்கு, அதுவும் சரியாக நிற்க முடியாத பிள்ளைக்கு, அந்த எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கிற கணக்கு வேறு உடம்புகளுக்காகப் போட்டது. கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டுகிற டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் துல்லியமானது, எலும்பின் அடர்த்தியையும் காட்டும், ஆனால் பிள்ளை அசையாமல் படுத்திருக்க வேண்டும். கை கால் தன்னால் முறுக்கிக்கொள்கிற பிள்ளையை அதில் படுக்க வைப்பது பெரும்பாடு. லேசாகத் தட்டினாலே எலும்பு முறிகிற பிள்ளைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் எடுங்கள், சாப்பாட்டை முடிவு செய்ய அது தேவை இல்லை. நாடாவும் கேலிப்பரும் எடையும் முட்டி உயரமும் சேர்ந்தாலே போதும்.

சி.பி. குழந்தைகளுக்கென்றே தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறதே என்று இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எடுத்த கணக்கை வைத்து 2011-இல் வந்தது அது. சி.பி. பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது, எப்படி வளர வேண்டும் என்பதை இல்லை. சரியாகச் சாப்பிட முடியாமல் மெலிந்த பிள்ளைகளும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். "அந்த அட்டவணைப்படி நார்மல்" என்று சொல்லி நிம்மதி அடைய வேண்டாம்.

சரி, எவ்வளவு சாப்பிட வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 கணக்குப்படி 1 முதல் 3 வயதுக்கு ஒரு நாளைக்கு 1010 கலோரி, 4 முதல் 6 வயதுக்கு 1360. சி.பி. பிள்ளைக்கும் இதையே ஆரம்பமாக வைத்துக்கொண்டு, எடையும் மடிப்பும் போகிற போக்கைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். நடக்கிற பிள்ளைக்குத் தேவை மற்றப் பிள்ளைகள் அளவுதான். உட்காரவே பிடிப்பு வேண்டும் என்கிற பிள்ளைக்குக் குறையும். கை கால் ஓயாமல் முறுக்கி அசைகிற வகை என்றால் கூடலாம். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். கலோரி குறைவாகப் போதும் என்றால் புரதமும் கால்சியமும் இரும்பும் குறைவாகப் போதும் என்று அர்த்தம் இல்லை. 4 வயதுக்கு 16 கிராம் புரதமும் 550 மில்லிகிராம் கால்சியமும் நடக்காத பிள்ளைக்கும் வேண்டும். சாப்பாட்டின் அளவை மட்டும் குறைத்தால் இவை எல்லாம் சேர்ந்து குறைந்துபோகும். மாவுப் பொருளைக் குறைத்து முட்டை, பருப்பு, மீன், கீரையை அப்படியே வைக்க வேண்டும். ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை என்றால் வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், சில ஃபிட்ஸ் மாத்திரைகள் அதைக் குறைக்கும்.

இப்போது வீட்டுச் சாப்பாடு. 15 கிராம் அரிசி போட்டு நீர்க்க வைத்த ஒரு டம்ளர் கஞ்சியில் சுமார் 50 கலோரிதான் இருக்கும். பிள்ளை அந்த டம்ளரைக் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகலாம். அதே டம்ளரில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்தால் 40 கலோரி கூடும், 10 கிராம் பொட்டுக்கடலை மாவு கலந்தால் இன்னொரு 35 கலோரியும் 2 கிராம் புரதமும் கூடும். அளவு ஏறவில்லை, பிள்ளையின் உழைப்பும் ஏறவில்லை, சத்து மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. மெலிந்து சேமிப்பு இல்லாத பிள்ளைக்கு இதுதான் முதல் மருந்து. அங்கன்வாடிச் சத்துமாவை வாங்கி வைத்துவிட்டு யாரும் தொடாத வீடுகள் உண்டு, அதையும் பாலில் கெட்டியாகக் கிண்டி நெய் விட்டுக் கொடுக்கலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை, கூழை நீர்க்கக் கரைக்காமல் களிப் பதத்துக்கும் கூழ்ப் பதத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். துறைமுகத்தில் மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை குறைவாகக் கிடைக்கிற நாளில் வாங்கி, அவித்து, முள்ளை எடுத்து, விரலால் இரண்டாம் முறையும் தடவிப் பார்த்துவிட்டுப் பருப்போடு மசித்துக் கொடுங்கள்.

பதம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "லேசா ரசஞ்சாதம்தான் மேடம் குடுக்கிறோம்" என்பார்கள். ரசம் சாதம் நமக்குத்தான் லேசு, இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கஷ்டமான சாப்பாடு கிடையாது. தண்ணீர் ஒரு வேகத்தில் தொண்டைக்குள் ஓடும், பருக்கை நாக்கிலேயே நிற்கும், எதை எப்போது விழுங்குவது என்று பிள்ளையின் வாய்க்குத் தெரியாமல் புரை ஏறும். முழுக்க ஒரே பதமாக மசித்த பருப்பு சாதம், நெய் விட்டது, அதைவிடப் பல மடங்கு பத்திரம். இட்லியை சாம்பாரில் ஊற வைத்துக் கரைத்துவிடாமல் கெட்டியாக மசித்துக் கொடுக்கலாம். முழு நிலக்கடலையைக் கண்ணிலேயே காட்ட வேண்டாம், பொடி மட்டும்.

உட்கார வைக்கிற விதமும் அப்படித்தான். ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் மல்லாக்கப் போட்டு, சங்கில் கஞ்சி ஊற்றுவதை இன்றைக்கும் பார்க்கிறேன். ஆறு பிள்ளை வளர்த்த கை அது, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துவிடும், அந்தப் பிள்ளைக்கு அதைச் சட்டென்று மூடத் தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பும் முட்டியும் மடங்கி, பாதம் ஏதாவது ஒன்றின் மேல் பதிந்து, தாடை கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். முதுகையும் இரண்டு பக்கத்தையும் தாங்கி உட்கார வைக்கிற மூலை நாற்காலி இல்லாத வீட்டில் சுவர் மூலையில் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, காலுக்குக் கீழே மணை போட்டு ஒரு ஆயாவே உட்கார வைத்துக் காட்டினார். "சொன்னா செய்யமாட்டனா, எதுக்குன்னு சொல்லணும்ல" என்றார்.

வீட்டுச் சாப்பாட்டின் குறையையும் சொல்ல வேண்டும். அது அம்மாவின் நேரத்தைத் தின்கிறது, கிண்ணத்தில் போட்டதெல்லாம் வயிற்றுக்குப் போவதும் இல்லை. நாக்கு வெளியே தள்ளுகிற பிள்ளைக்கு ஊட்டி முடித்ததும் கழுத்தில் கட்டிய துண்டைப் பாருங்கள், ஊட்டியதில் கால்வாசி, சில சமயம் பாதி, அதில் இருக்கும். "நல்லா சாப்பிடுறான்" என்ற கணக்கு துண்டில் இருப்பதைக் கழித்த பிறகு போட வேண்டிய கணக்கு.

டப்பா பவுடர் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அளந்து கலக்கலாம், வைட்டமின்களும் தாதுக்களும் சேர்ந்திருக்கும், பயணத்தில் வசதி. ஆனால் விலை அதிகம் என்பதால் மாதக் கடைசியில் மூன்று ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் ஒன்றரை ஸ்பூன் விழும், அப்போது அது விலை உயர்ந்த தண்ணீர்தான். சீக்கிரம் எடை ஏறட்டும் என்று டப்பாவில் சொன்னதைவிடக் கெட்டியாகக் கலக்கினால் வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ வரும். பெரிய பிரச்சினை, அது நீர்மம். தண்ணீருக்குப் புரை ஏறுகிற பிள்ளைக்குப் பவுடர் பாலும் அதே ஆபத்துதான். வீட்டுச் சாப்பாட்டை அடர்த்தியாக்கி ஒன்றிரண்டு மாதம் பார்த்தும் எடையும் மடிப்பும் நகரவில்லை, டயட்டீஷியன் பார்த்து எழுதிக் கொடுக்கிறார் என்றால் வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காமல் சாப்பாட்டுக்கு மேலே கொடுங்கள். மடிப்பு போதுமான அளவு இருந்து தசை மட்டும் குறைவாக உள்ள பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளைக்குத் தேவை புரதமும், தினமும் பிடித்து நிற்கிற பயிற்சியும்.

டியூப் என்றதும் வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடுகிறது. "வாயால சாப்பிடுற பிள்ளைக்கு எதுக்கு வயித்துல ஓட்டை?" என்று அத்தை கேட்பார், தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இதில் நான் டியூபின் பக்கம்தான் பேசுவேன். எப்போது என்று மட்டும் தெளிவாகப் பாருங்கள். ஒரு நாளில் ஊட்டுகிற நேரம் மொத்தம் 3 மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது. சாப்பிட்டதும் தொண்டையில் களகள என்று சத்தம் வருகிறது, இருமல் வருகிறது, அடிக்கடி சளியும் நிமோனியாவும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி இருக்கிறது. மூன்று மாதமாக எடை அப்படியே நிற்கிறது, அல்லது இறங்குகிறது. இதில் ஒன்றிரண்டு இருந்தாலே டாக்டரிடம் பேச வேண்டும். இருமவே இருமாமல் சாப்பாடு நுரையீரலுக்குள் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை நம் கண்ணால் பார்க்க முடியாது, பேரியம் கலந்து கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தால்தான் தெரியும்.

டியூபிலும் இரண்டு வகை. மூக்கு வழியாகப் போடுவது ஆபரேஷன் இல்லாதது, உடனே போடலாம், ஆனால் 4 முதல் 6 வாரம் வரைக்கும்தான் சரி. பிள்ளை பிடுங்கிவிடும், மூக்கும் தொண்டையும் புண்ணாகும், குழாய் சின்னது என்பதால் வீட்டுக் கஞ்சியை வடிகட்டாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் தேவை என்றால் வயிற்றில் நேராகப் போடுகிற பெக் டியூப்தான் நல்லது. அதற்கு மயக்க மருந்து வேண்டும், துளையைச் சுற்றிப் புண்ணும் சீழும் வரலாம், சிலருக்கு எதுக்களிப்பு கூடலாம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து 2005-இல் வந்த ஓர் ஆய்வில் இப்படி டியூப் போட்ட 57 பிள்ளைகளை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். எடை நன்றாக ஏறியது, ஊட்டுகிற நேரம் குறைந்தது, பிள்ளையின் உடல்நலம் தேறிவிட்டது என்று ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் சொன்னார்கள். நம் ஊர் அம்மாக்களும் எனக்கு இதையேதான் சொல்கிறார்கள், கூடவே ஃபிட்ஸ் மாத்திரை சரியாக உள்ளே போகிறது, கத்திரி வெயிலிலும் தண்ணீர் போதுமான அளவு போகிறது, மலச்சிக்கல் குறைந்தது என்கிறார்கள். டியூப் போட்டால் வாய்ச் சாப்பாடு அடியோடு நின்றுவிடும் என்பதும் இல்லை. விழுங்குவது பத்திரம் என்று பார்த்துச் சொல்கிற அளவுக்கு, பதமான சாப்பாட்டை ருசிக்காகக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் டியூப் போட்டதும் இன்னொரு பக்கம் சறுக்கும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இத்தனை நாள் மெலிந்து கிடந்த பிள்ளை, இப்போது ஊற்றினால் போகிறது என்றால் கை தாராளமாகிவிடும். அதே ஆக்ஸ்ஃபோர்டு குழு அடுத்துப் பார்த்ததில், கலோரி குறைவாகவே கொடுத்தும் டியூப் பிள்ளைகளின் உடம்பில் கொழுப்பு அதிகமாகச் சேர்ந்திருந்தது. நடக்காத உடம்புக்குக் கொஞ்சம் போதும். அதனால் டியூப் போட்ட பிறகு எடையைக் கொண்டாடாமல் மடிப்பையும் சேர்த்து அளந்து, கொழுப்பு ஏறினால் கலோரியைக் குறைத்து, புரதத்தையும் தாதுக்களையும் அப்படியே வைத்துக்கொள்ளும்படி டயட்டீஷியனிடம் கேட்க வேண்டும்.

எங்கே போவது என்றால், அரசு மருத்துவமனையில் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருந்தால் அங்கே முதலில் காட்டுங்கள், டாக்டர், பயிற்சியாளர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். டியூப் என்ற பேச்சு வந்தால் நம் பக்கத்தில் பெரும்பாலும் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் மருத்துவமனைதான். கடலூரில் இருந்து போகிறவர்கள் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் மாறி, வரிசையில் நின்று, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டுப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். மூன்று நாள் என்ன கொடுத்தீர்கள், ஒவ்வொரு வேளையும் எத்தனை நிமிஷம் ஆனது, துண்டில் எவ்வளவு விழுந்தது, எதற்குப் புரை ஏறியது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளை சாப்பிடுவதையும் ஐந்து நிமிஷம் மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், முகமும் தொண்டையும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் இருந்து. எடை பார்த்து முடித்ததும் "கை மடிப்பையும் முட்டி உயரத்தையும் அளந்து எழுதித் தருவீங்களா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். அடுத்த தடவை போகும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு எண்களும் தேவைப்படும்.